மூன்று வெள்ளி எண்பது காசு

பினாங்கு ஸ்திரீட்டில் நாணய மாற்றுக் கடைகளின் முன்னால் விலைப்பலகை தொங்கும். 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை அந்தப் பலகையில் அமெரிக்க டாலரின் எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். டாலருக்கு 3.80 மலேசிய ரிங்கிட், எங்கள் பேச்சில் மூன்று வெள்ளி எண்பது காசு. அந்த ஒரு வரியைச் சாயத்தால் எழுதி வைத்திருந்தாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை.

நாணயத்தின் விலையை அப்படி ஆணி அடித்து நிறுத்துவது எப்படி? பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தால் போதும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் பாரத்தைச் சுமப்பது மத்திய வங்கி, இங்கே பேங்க் நெகாரா. அதுவும் ஒரு நாணய மாற்றுக் கடைதான். ஆனால் யார் எவ்வளவு கொண்டுவந்தாலும் சொன்ன விலைக்கே மாற்றித் தரவேண்டிய கடை. வெளிநாட்டார் டாலரைக் கொட்டி வெள்ளி கேட்டால் கவலையில்லை, வெள்ளியை அதுவே அச்சடித்துக்கொள்ளும். எல்லாரும் வெள்ளியைக் கொடுத்து டாலர் கேட்கும் நாளில்தான் வியர்க்கும். டாலரை அச்சடிக்க முடியாது. பெட்டகத்தில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கலாம். பெட்டகத்தின் அடி தெரியத் தொடங்கினால், தீர்வதற்குள் வாங்கிவிடுவோம் என்று கூட்டம் இன்னும் பெருகும். வட்டியை ஏற்றி, "வெள்ளியிலேயே வைத்திருங்கள், கூடுதலாகத் தருகிறோம்" என்று ஆசை காட்டலாம். அப்போது உள்ளூரில் வீடும் கடையும் கடனில் வாங்கியவர்கள் நசுங்குவார்கள்.

1960-களின் தொடக்கத்தில் கனடாவின் பொருளியலாளர் ராபர்ட் மண்டெலும், பன்னாட்டு நாணய நிதியத்தில் இருந்த மார்க்கஸ் ஃபிளெமிங்கும் தனித்தனியே போட்ட கணக்கிலிருந்து ஒரு விதி பிறந்தது. நிலையான நாணய விலை, எல்லையில் தடையற்ற பணப்போக்குவரத்து, நாட்டுக்கென்று சொந்த வட்டிவிகிதம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும். அடியில் குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் திறந்திருக்கும்வரை நம் தொட்டியின் நீர்மட்டம் மட்டும் தனியே உயரவோ தாழவோ முடியாது. வேறு மட்டம் வேண்டுமென்றால் குழாயை அடைக்க வேண்டும், அல்லது தொட்டியையே ஏற்றி இறக்க விடவேண்டும். நீர்மட்டம் வட்டி, குழாய் பணப்போக்குவரத்து, தொட்டியின் உயரம் நாணயத்தின் விலை.

இந்தக் கணக்கைக் கேள்விப்படாமலேயே அதன் விலையைக் கொடுத்தவர்களில் என் பாட்டியும் ஒருவர். காலனிக் காலத்திலிருந்து மலாயா டாலர் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. நோட்டுகளின் பின்னணியில் இருந்த சொத்தும் பெரும்பாலும் பவுண்டில்தான். 1967 ஜூன் 12 அன்று மலேசியா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. பழைய நோட்டும் அதற்குச் சமமாகவே புழங்கியது. லண்டனிலோ வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. பவுண்டின் மதிப்பைக் குறைக்கச் சொன்னவர்களில் ஆலோசகர் நிக்கலஸ் கால்டோரும் உண்டு. பிரதமர் ஹாரல்ட் வில்சன் மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக மறுத்துவிட்டு, நவம்பர் 18 அன்று 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கினார். புதிய வெள்ளி இறங்கவில்லை. பவுண்டை நம்பியிருந்த பழைய நோட்டு இறங்கியது: ஒரு டாலர் 85 காசாயிற்று.

உழவர் எருமை பூட்டி உழும் படம் போட்ட பழைய பத்து டாலர் நோட்டுகளைப் பாட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். பத்து, எட்டரையாகிவிட்டது. பணத்தை வங்கியில் போடாத ஏழைகளின் கையில்தான் பழைய நோட்டு அதிகம் இருந்தது. நவம்பர் 24 அன்று பினாங்கில் தொழிலாளர் கட்சி கடையடைப்புக்கு அழைத்தது. அது கலவரமாகி, உயிர்கள் போய், ஊரடங்கில் முடிந்தது.

பவுண்டுக்கு நேர்ந்தது நான்கே ஆண்டுகளில் அமெரிக்க டாலரின் வாசலுக்கும் வந்தது. 1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் பிரிட்டனின் கெயின்ஸும் அமெரிக்காவின் ஹாரி டெக்ஸ்டர் வைட்டும் மல்லுக்கட்டி அமைத்த ஏற்பாட்டின்படி, ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர். அயல்நாட்டு மத்திய வங்கிகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்கலாம். உலகத்துக்கு டாலர் போதுமான அளவு கிடைக்கவேண்டுமானால் அமெரிக்கா அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அப்படி விட்டால் டாலருக்குத் தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கை தேயும் என்று பொருளியலாளர் ராபர்ட் டிரிஃபின் 1960-லேயே எச்சரித்தார். மீண்டும் பெட்டகத்தின் அடி. 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் கேம்ப் டேவிட்டில் ஆலோசகர்களைக் கூட்டினார். டாலருக்குத் தங்கம் தரும் தங்கச் சாளரத்தை மூட வேண்டாம் என்றார் மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸ். மூடலாம் என்றார் நிதியமைச்சர் ஜான் கானலி. ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு, சாளரம் மூடப்பட்டது. கூடவே விலைகளுக்கும் ஊதியங்களுக்கும் 90 நாள் தடை. நாணயத்தை மிதக்க விடச் சொல்லி வந்த மில்டன் ஃபிரீட்மனுக்கு அந்த விலைத் தடை அறவே பிடிக்கவில்லை. பொருளியலாளர் எழுதித் தரும் மருந்தோடு அவர் வேண்டாமென்ற பத்தியத்தையும் சேர்த்து விழுங்குவது தலைவர்களின் பழக்கம். 1973 ஜூனில் எங்கள் வெள்ளியும் மிதக்கத் தொடங்கியது.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தபோது டாலர் இங்கே இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88 வரை போயிற்று. நிதியமைச்சர் அன்வார் இப்ராஹிமும் பேங்க் நெகாராவும் வழக்கமான பாடத்தைப் பின்பற்றினார்கள்: செலவைக் குறை, வட்டியை ஏற்று. பேங்க் நெகாராவின் வட்டி 11 விழுக்காட்டை எட்டியது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. பிரதமர் மகாதீர், பேங்க் நெகாராவின் முன்னாள் அதிகாரி நோர் முகமது யாக்கோப்பின் யோசனைகளைக் கேட்டு, எதிர்த்திசையில் திரும்பினார். செப்டம்பர் 1 அன்று குழாய் அடைக்கப்பட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் பங்குகளை விற்ற பணத்தை ஓராண்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் சூதாட்டப் பொருளாக இருந்த வெள்ளி ஒரு மாதத்துக்குள் நாடு திரும்ப வேண்டும். பயணி ஆயிரம் வெள்ளிக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது. மறுநாள் 3.80 நிலைநிறுத்தப்பட்டது. அதே நாளில் அன்வார் பதவி நீக்கப்பட்டார். அமெரிக்கப் பொருளியலாளர் பால் குருக்மன் மகாதீருக்குத் திறந்த மடலே எழுதினார்: ஆதரவுதான், ஆனால் இது தற்காலிகமாக இருக்கட்டும் என்று.

ஆண்டு முடிவதற்குள் வட்டி 7 விழுக்காட்டுக்கு இறங்கியது. குழாய் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. கட்டுப்பாடுதான் நாட்டைக் காப்பாற்றியதா என்பது வேறு கேள்வி. தென்கொரியா குழாயை அடைக்காமலேயே எழுந்தது; செப்டம்பருக்குள் புயலின் பெரும்பகுதி கடந்தும் போயிருந்தது. வட்டியைக் குறைக்க இடம் கிடைத்தது உறுதி, மற்றதெல்லாம் வழக்காடத் தக்கது என்பதே என் எண்ணம்.

2005 ஜூலை 21 அன்று சீனா யுவானைத் தளர்த்திய அதே நாளில் மலேசியாவும் 3.80-ஐக் கைவிட்டது. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது, 26 ஆண்டுகளில் இல்லாத சரிவு. அமெரிக்க வட்டி 5.25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பேங்க் நெகாரா 3 விழுக்காட்டிலேயே நின்றது. அப்போது பிரதமரும் நிதியமைச்சரும் அன்வார்தான். வெள்ளியை யாரும் ஆணி அடிக்கவில்லை, குழாயையும் அடைக்கவில்லை. பினாங்கு ஸ்திரீட் பலகையில் எண் நாளுக்கு நாள் மாறியது. என் வீட்டுக்கடன் தவணை மாறவில்லை.