புது வீட்டில் விறகடுப்பு கேட்பவர்களுக்கு

வீட்டு வரைபடம் பேச உட்காரும்போதே, "கிச்சன்ல ஒரு ஓரமா விறகடுப்பும் வேணும்ங்க" என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். மண்சட்டிக் குழம்பின் ருசிக்காகக் கேட்பவர் உண்டு. சிலிண்டர் விலையை நினைத்துக் கேட்பவரும் உண்டு. தோப்பில் மட்டையும் கொட்டாங்குச்சியும் குவிந்து கிடக்க, காசு கொடுத்து கேஸ் எதற்கு என்பவர்களும் வருகிறார்கள். ஆசையில் தப்பில்லை. கட்டடப் பொறியாளனான என் கவலையெல்லாம் அந்த அடுப்புக்கு மேலே வரப்போகும் கூரையைப் பற்றித்தான்.

பழைய அடுப்படிகளுக்கு நாட்டு ஓட்டுக் கூரை இருந்தது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலேயே புகை கசிந்து போய்விடும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சமையல் பின்கட்டில், முற்றத்தை ஒட்டி நடந்தது. அத்தனை காற்றோட்டம் இருந்தும் பரணெல்லாம் கரி பிடித்தது. அடுப்பை ஊதிய பெண்கள் கண் சிவந்து இருமிக்கொண்டுதான் சமைத்தார்கள். அதே அடுப்பைப் பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம் போட்டு, இறுக மூடும் ஜன்னல் வைத்த அறைக்குள் கொண்டுவந்தால் புகை எங்கே போகும்?

"அதுக்குத்தான் சிம்னி மாட்டப்போறோமே" என்பார்கள். கடையில் விற்கும் மின்சார சிம்னி கேஸ் அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கையும் ஆவியையும் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. விறகுப் புகையோடு சாம்பலும் தீப்பொறியும் வரும். பிசுக்கு படிந்த வடிகட்டியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். விறகடுப்புக்கு மேல் அதை மாட்டவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம் ஒரு வீட்டுக்கு, "புகை அடங்கவே மாட்டேங்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். கட்டியது வேறொருவர். அடுப்புக்கு மேலே நாலு அங்குலக் குழாய் ஒன்று, சுவரில் பக்கவாட்டாகத் துளைத்து வெளியே போய், ஜன்னல் மட்டத்திலேயே முடிந்திருந்தது. "காலைல நல்லாத்தான் போவுது தம்பி. மத்தியானம் காத்தடிச்சா பூராவும் உள்ளயே வருதுங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. வெளிக்காற்று மட்டும்தான் காரணமா என்று பார்க்க, அடுப்பு ஆறியிருந்த நேரத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னேன். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தால், புகை குழாய்க்குள் ஏறாமல் அறைப் பக்கம் திரும்புகிறது. காரணம் எளிது. ஃபேன் அறைக்காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லாம் சாத்தியிருக்கும்போது அந்தப் புகைக்குழாய்தான் ஒரே வழி. புகையோடு சேர்ந்தே காற்று உள்ளே வந்தது. உங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்தால் இன்றைக்கே இந்த ஊதுபத்திச் சோதனையைச் செய்து பாருங்கள்.

உள்ளேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தளம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு வந்தால் கம்பியை வெட்ட வேண்டியிருக்கும். புகைபோக்கி நேராக மேலே போக வேண்டும். ஒவ்வொரு வளைவும் புகையை மேலே இழுக்கும் வேகத்தைக் குறைக்கும். மொட்டை மாடித் தளத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம். 10 அடி தூரத்துக்குள் தண்ணீர்த் தொட்டியோ மாடிப்படிக் கூண்டோ இருந்தால் அதைவிட 2 அடி கூடுதல். நம் வீடுகளில் இந்தத் தொட்டிதான் கணக்கைக் கெடுக்கிறது. மேலே மழை மூடி, கீழே சுவரில் தரையை ஒட்டிக் காற்று நுழைய ஒரு திறப்பு. குழாயில் கரியும் தாரும் படியும், அதனால் வருடம் ஒரு முறையாவது சுரண்டி எடுக்க வழி வையுங்கள். ஈர விறகு எரித்தால் இன்னும் சீக்கிரம் படியும். அடுப்பை நெருப்புச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டுங்கள். சிமெண்ட் கலவை சூட்டில் வெடிக்கும். மேடைக்குப் போடும் கிரானைட்டும் அப்படித்தான். பக்கத்தில் பிளைவுட் அலமாரி வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் ஒரே அறையில் விறகடுப்பும் சிலிண்டரும் இருப்பதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவும். தரையில் போட்ட அடுப்பில் தணல் இருந்தால், நாற்றம் உங்கள் மூக்குக்கு எட்டும் முன்பே கேஸ் நெருப்பை எட்டிவிடலாம். இரண்டையும் ஒரே அறையில் வைத்து வரைபடம் போட்டுத் தரமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒருவேளை கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்கு அழையுங்கள்.

புகை அடங்கிவிட்டது, வெறும் தணல்தானே என்று கதவைச் சாத்துவதும் ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானலில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள்.

புகையின் கணக்கையும் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2022இல் வெளியானது. இந்தியப் பகுதி நடந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். பழைய அடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 71 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. ஒரு நாளின் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

அதனால் நான் தரும் யோசனை ஒன்றுதான்: அடுப்பை வெளியே கொண்டுபோங்கள். பின்வாசலை ஒட்டித் தாழ்வாரம், மூன்று பக்கம் திறப்பு, ஓட்டுக் கூரை, உட்காராமல் நின்றே சமைக்க இரண்டரை அடி மேடை, பக்கத்தில் விறகு காய ஒரு பரண். பக்கத்தில் இன்னொரு வாய் வைத்த கொடியடுப்பாகக் கட்டினால் ஒரே நெருப்பில் குழம்பும் கொதிக்கும், குளிக்க வெந்நீரும் ஆகும். கோபி வீட்டிலும் இதைத்தான் செய்தோம். அங்கே ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து வரும் என்பதால், படுக்கையறை ஜன்னலுக்குக் கிழக்கே இடம் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகையால் தொடங்கிய வேலித் தகராறு இரண்டு, மூன்றை நானே உட்கார்ந்து தீர்த்து வைத்திருக்கிறேன்.