சைக்கிள் தடத்தில் கிடக்கும் பனி: ஒன்ராறியோவில் நகரசபையின் கடமை எதுவரை?

பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் ரொறன்ரோவிலோ பிரம்ரனிலோ ஒரு பெருந்தெருவின் ஓரமாக நின்று பார்த்தால் வீதி ஒன்றாகவும் சைக்கிள் தடம் வேறொன்றாகவும் தெரியும். கார்கள் ஓடும் பகுதி உப்பில் கரைந்து கறுத்து ஈரமாகக் கிடக்கும். அதை ஒட்டி, கொங்கிறீற்றுக் கட்டையாலும் நெகிழ்கம்பங்களாலும் பிரிக்கப்பட்ட தடத்தில், பனி வாரும் வண்டி ஒதுக்கித் தள்ளிய அழுக்குப் பனி வரப்பாகக் குவிந்திருக்கும். கம்பங்களின் தலை மாத்திரம் வெளியே தெரியும். கார் இல்லாமல் சைக்கிளிலேயே வேலைக்குப் போகிறவர்களும், சாப்பாட்டுப் பொதியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் நம் இளைஞர்களும், அந்த வரப்பைப் பார்த்துவிட்டு லொறிகளுக்கு நடுவே இறங்கிவிடுகிறார்கள். தடத்தில்தான் போக வேண்டும் என்று மாகாணப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் அப்படி இறங்குவது குற்றமன்று. ஆனால் தடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது யாருடைய கடமை, எத்தனை மணி நேரத்துக்குள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் பலர் நினைப்பதைப் போன்றதல்ல.

அடிப்படை, 2001ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட வீதிகளை, சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான அளவில், நல்ல நிலையில் வைத்திருக்க நகரசபை கடமைப்பட்டுள்ளது என்றும், அதில் தவறி ஒருவருக்குச் சேதம் நேர்ந்தால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு அதற்கு உண்டு என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ரொறன்ரோவுக்கு மட்டும் 2006இல் தனிச் சட்டம் வந்தது. அதன் 42ஆம் பிரிவு ஏறக்குறைய இதே கடமையை அந்த நகரின் மேல் வைக்கிறது. கடமையைச் சொன்ன கையோடு, நகரசபை தப்பிக்கொள்வதற்கு மூன்று வழிகளையும் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பழுது இருந்தது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று காட்டலாம். தடுப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுத்தேன் என்று காட்டலாம். அல்லது மாகாண அரசு விதித்த ஆகக்குறைந்த பராமரிப்புத் தரத்தை நிறைவேற்றிவிட்டேன் என்று காட்டலாம். மூன்றாவது வழியில் வரும் தரம்தான் ஒன்ராறியோ ஒழுங்குவிதி 239/02. ரொறன்ரோவுக்கு அதன் சொந்தச் சட்டத்தின் கீழ் 612/06 என்ற தனி ஒழுங்குவிதி உண்டு. கீழே நான் தரும் எண்கள் 239/02இல் உள்ளவை. ரொறன்ரோவில் வழக்குவரை போகிறவர் 612/06ஐயும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் தடத்தில் சேரும் பனிக்கெனத் தனிப் பிரிவு இந்த ஒழுங்குவிதிக்குள் வந்தது 2018 மே மாதத் திருத்தத்தில்தான். வீதிகளை வாகன நெரிசலையும் வேக எல்லையையும் வைத்து முதலாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்புவரை பிரித்திருக்கிறார்கள். தடம் எந்த வீதியில் இருக்கிறதோ அந்த வீதியின் வகுப்பே தடத்துக்கும். முதலாம் வகுப்பு வீதியில் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் பனி சேர்ந்தால், பனி சேர்வது நின்றபின் 8 மணி நேரத்துக்குள் அதை அந்த அளவுக்கோ அதற்குக் கீழோ குறைக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் 5 சென்ரிமீற்றர், 12 மணி நேரம். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் 8 சென்ரிமீற்றர், 24 மணி நேரம். ஐந்தாம் வகுப்பில் 10 சென்ரிமீற்றர், அதே 24 மணி நேரம். அட்டவணை ஐந்தோடு முடிகிறது. நெரிசலே இல்லாத ஆறாம் வகுப்புச் சிறுதெருக்களுக்கு இதில் அளவும் இல்லை, நேரமும் இல்லை.

அதே வீதியில் கார் ஓடும் பகுதிக்கு ஆழ அளவுகள் இவையேதான், நேரம்தான் குறைவு. முதல் நான்கு வகுப்புகளுக்கும் முறையே 4, 6, 12, 16 மணி நேரம்; ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் 24. ஒரே வீதி, ஒரே பனி, ஆனால் மூன்றாம் வகுப்பு வரைக்கும் சைக்கிளுக்குக் காரைப்போல இரண்டு மடங்கு காத்திருப்பு. நடைபாதைக்கு இன்னும் தாராளம்: 8 சென்ரிமீற்றருக்குக் குறைக்க 48 மணி நேரம்.

இந்த எண்களுக்குள் ஒளிந்திருப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வீதி ஒன்றில் செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பனி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலை ஆறு மணிவரை நகரசபைக்கு அவகாசம் உண்டு. புதன் காலை வேலைக்குப் போகிறவருக்கும், மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கும் இந்த ஒழுங்குவிதி எதையும் தரவில்லை. ஆறு மணி கடந்த பிறகும் தடம் தரை தெரிய இருக்க வேண்டும் என்றில்லை. 8 சென்ரிமீற்றர் பனி மிச்சமிருந்தாலும் அந்தத் தடம் ‘நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்படும்’. அகலத்திலும் இதே கதைதான். 1 மீற்றர், அல்லது தடத்தின் உண்மையான அகலம், இரண்டில் எது குறைவோ அந்த அளவு திறந்தால் போதும். இரு திசைக்கும் பொதுவாக 3 மீற்றர் அகலத்தில் கட்டிய தடத்தில் 1 மீற்றர் வழி வெட்டிவிட்டால் தரம் நிறைவேறிவிடுகிறது. எதிரே வருகிறவர் எங்கே ஒதுங்குவார் என்று விதி கேட்பதில்லை. சென்ற குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள தடத்தில் மகனின் பள்ளிக்கூட அடிமட்டத்தை நட்டுப் பார்த்தேன். 7 சென்ரிமீற்றர் காட்டியது. பெடலின் கீழ் விளிம்பு பனியை உரசாவிட்டாலும் முன்சக்கரம் தன்பாட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. சட்டப்படி அது குறையில்லாத தடம்.

‘கருதப்படும்’ என்ற அந்தச் சொல் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. ஹால்டன் பிராந்திய நகராட்சிக்கு எதிரான ஒரு வழக்கில், பனி அட்டவணை ஆழத்தை எட்டாதவரை தனக்குக் கடமையே எழவில்லை என்று நகராட்சி வாதாடியது. 2011இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013இல் ஒழுங்குவிதியைத் திருத்தி, ஆழம் எட்டாத வீதி நல்ல நிலையில் உள்ளதாகவே கருதப்படும் என்று எழுதிவிட்டார்கள். சைக்கிள் தடப் பிரிவும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டது. ஆகவே இதைச் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கொடுத்த வாக்குறுதியாக வாசித்தால் ஏமாந்துபோவோம். இது நகரசபைகளுக்குக் கொடுத்த கேடயம். கேடயம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்வதில்தான் நமக்குப் பயன் இருக்கிறது.

அது முடியும் முதல் இடம், ‘தெரிந்திருத்தல்’. பனி சேர்வது நின்றபின் ஓடத் தொடங்கும் கடிகாரத்தைத் தவிர இன்னொரு கடமையும் உண்டு: தடத்தில் அளவுக்கு மேல் பனி சேர்ந்திருப்பது தெரியவந்ததும், முடிந்த விரைவில் ஆளையும் வண்டியையும் அனுப்ப வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை என்று கையை விரிக்கவும் முடியாது. நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய சூழ்நிலை இருந்தால் தெரிந்ததாகவே கொள்ளப்படும். ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, நாளுக்கு மூன்று தடவையோ வேலைமுறைக்கு ஒரு தடவையோ, எது அதிகமோ அந்தக் கணக்கில், நடப்பு வானிலையையும் அடுத்த 24 மணி நேர முன்னறிவிப்பையும் கவனிக்க வேண்டும் என்பதும் இதே ஒழுங்குவிதிதான். இருந்தாலும் நகரசபையின் பொதுச் சேவைத் தொலைபேசி எண்ணான 311க்கு அழைத்து, தெருவின் பெயரையும் இரு குறுக்குத் தெருக்களையும் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்குச் சமமான சான்று வேறில்லை. ‘அழைத்து என்ன வரப்போகிறது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம். அந்த அழைப்பு வண்டியைக் கொண்டுவராமல் போகலாம். ஆனால் இன்ன நாள் இன்ன நேரத்தில் நகரசபைக்குத் தெரியும் என்ற பதிவு அதனால் உருவாகிறது.

இந்தக் கடிகாரங்களை நிறுத்திவைக்க நகரசபைக்கு ஓர் அதிகாரம் உண்டு. வீதியைப் பாவிப்போருக்குப் பெரும் ஆபத்தாகக்கூடிய வானிலை நெருங்கும்போதோ நிகழும்போதோ அதை ‘குறிப்பிடத்தக்க வானிலை நிகழ்வு’ என்று பிரகடனம் செய்யலாம். 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்துப் பெரும்பனி விழுந்தபோது ரொறன்ரோ அப்படித்தான் செய்தது. பிரகடனம் நடப்பில் இருக்கும்வரை தடங்கள் நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்படும். வானிலையைக் கவனித்துக்கொண்டும், நடைமுறைக்குச் சாத்தியமான அளவில் வேலை செய்துகொண்டும் இருந்தால் போதும். நிகழ்வு முடிந்தது என்று அறிவித்த பிறகே மேலே சொன்ன மணிக்கணக்கு தொடங்கும். ஆகவே முறைப்பாடு எழுதுவதற்கு முன் அந்த நாட்களில் பிரகடனம் இருந்ததா, எந்த நாளில் எத்தனை மணிக்கு முடிந்தது என்று நகரசபையின் அறிவித்தல்களைப் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த வரப்புக்கு வருவோம். ஒழுங்குவிதி ‘பனி சேர்தல்’ என்று சொல்வது இயற்கையாகச் சேரும் பனியை: புதிதாக விழுந்தது, காற்று அடித்துக் கொண்டுவந்தது, சேறாக இளகிக் கிடப்பது. வண்டி தன் அலகால் வீதியிலிருந்து தடத்துக்குள் தள்ளிய பனி இந்த மூன்றிலும் அடங்கவில்லை என்பது என் வாசிப்பு. அப்படியானால் அட்டவணையின் கேடயம் அதை மறைக்காது. நியாயமான நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற 44ஆம் பிரிவின் பொதுக் கடமைக்கே விடயம் திரும்பிவிடுகிறது. இந்த வாசிப்பை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பனியைத் தள்ளியது நகரசபை வண்டியாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரோ, கடைத்தொகுதிக்குக் குத்தகை எடுத்த தனியார் வண்டியோ என்றால் பதில் தெளிவானது: எழுத்துமூல அனுமதியின்றி வீதியில் பனியையோ ஐஸையோ கொட்டுவதை மாகாண வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு தடை செய்கிறது. இதையும் 311க்கே சொல்லலாம்.

நகரசபையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டையும் கம்பமும் வைத்துப் பாதுகாத்த தடத்துக்குள் வழக்கமான பெரிய பனி வண்டி நுழையாது. நடைபாதைக்குப் பாவிக்கும் சிறு உழவு வண்டி போன்ற ஒன்றைத் தனியாக அனுப்ப வேண்டும். உப்பும் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. வீதியில் போட்ட உப்பை ஆயிரக்கணக்கான கார்ச் சக்கரங்கள் நசுக்கிப் பனியோடு கலந்துவிடுகின்றன. சைக்கிள் சக்கரத்துக்கு அந்தப் பாரமும் இல்லை, சூடும் இல்லை. பகலில் இளகிய பனி இரவில் சக்கரத் தடத்தோடு உறைந்து காலையில் தண்டவாளம்போல் நிற்பது இதனால்தான். சுவீடனின் ஸ்ரொக்ஹோமில், அலகால் தள்ளுவதற்குப் பதிலாகச் சுழலும் தூரிகையால் தரைவரை கூட்டிவிட்டு, உடனே உப்புக்கரைசலைத் தெளித்துக்கொண்டு போகிறார்கள். 23 வீதச் செறிவில் கரைசல் சைபருக்குக் கீழ் 21 பாகை செல்சியஸ்வரை உறையாது என்பதால் அடுத்த பனி தரையில் ஒட்டுவதும் குறைகிறது.

எந்தத் தடத்தை எந்த ஆழத்தில், எத்தனை மணிக்குள் வார வேண்டும் என்று நகரசபை தானாக வகுத்துக்கொள்ளும் சேவைத் தரம் வேறு. மாகாணத்தின் எண்கள் அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு உயர்வதென்று தீர்மானிப்பதும், அதற்குப் பணம் ஒதுக்குவதும் நகரசபை. தூரிகை வண்டி வேண்டும், இந்தத் தெருவை முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் வட்டார உறுப்பினரிடம் வரவுசெலவுத் திட்ட விவாத காலத்தில் கேட்பதே பயன் தரும்; பனி விழுந்த அன்று கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும்.

விழுந்து காயப்பட்டவருக்கோ இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒரு காலக்கெடு. நடந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவித்தல் கொடுக்காவிட்டால் நகரசபைமேல் வழக்குத் தொடர முடியாது. மரணம் நேர்ந்தால் இந்த நிபந்தனை இல்லை. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, அதனால் நகரசபையின் எதிர்வாதத்துக்குப் பாதகமும் இல்லை என்று நீதிபதி கண்டால் விலக்கு அளிக்கலாம். ஆனால் விலக்கை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். வழக்குத் தொடர்வதற்கான பொதுவான இரண்டு வருடக் கெடு வேறு. பலர் அதை மட்டும் கேள்விப்பட்டு இதைத் தவறவிடுகிறார்கள். கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம் போன்ற தனியார் இடத்தில் விழுந்தால் கெடு 60 நாட்கள். 2021 ஜனவரி 29 முதல் அது நடைமுறையில் உள்ளது.

விழுந்த இடம் நடைபாதையா, தடமா என்பதும் பெரிய வேறுபாடு. நடைபாதையில் பனியாலோ ஐஸாலோ வந்த காயத்துக்கு, நகரசபையின் பாரதூரமான கவனயீனத்தை நிரூபித்தால்தான் நட்டஈடு. சட்டம் அந்தச் சலுகையை நடைபாதைக்கு மட்டுமே பெயர் சொல்லிக் கொடுக்கிறது. வீதியின் பகுதியான சைக்கிள் தடத்துக்குச் சாதாரணக் கவனயீனமே போதும். தடம் நடைபாதையின் மட்டத்தில் அதை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தால் இரண்டில் எது என்ற வாதம் வரும். ஆகவே காயத்தைப் படம் எடுக்கும் கையோடு, கட்டை, கம்பம், வெள்ளைக்கோடு, பெயர்ப்பலகை எல்லாம் தெரிய இடத்தையும் படம் எடுங்கள். பனிக்குள் ஓர் அடிமட்டத்தையும் நட்டு எடுங்கள். வெயில் அடித்தால் அடுத்த நாளே அந்தச் சான்று தண்ணீராகிவிடும்.

அறிவித்தலுக்குத் தனிப் படிவமோ சட்டத்தரணியோ தேவையில்லை. நடந்த திகதி, நேரம், இடம், என்ன காயம், நட்டஈடு கோருகிறேன் என்ற ஒரு வாக்கியம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிளார்க் எனப்படும் நகரச் செயலரிடம் நேரில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். 311க்கு அழைத்துச் சொன்னது இந்த அறிவித்தல் ஆகாது. தபாலகம் தரும் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.