நாஷ்வில் நகரத்தின் அரை சதவீதப் போக்குவரத்து வரி: யார் கட்டுகிறார்கள், எதற்குப் போகிறது, எப்போது முடியும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் நாஷ்வில் நகரத்தில் 2025 பிப்ரவரி 1 முதல் விற்பனை வரி 9.25 சதவீதத்திலிருந்து 9.75 சதவீதமாக ஏறியது. ஏறிய அரை சதவீதம் முழுக்கப் பொதுப் போக்குவரத்துக்கு. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஐம்பது சென்ட். கடை ரசீதில் இது பெரும்பாலும் தனியாகத் தெரியாது, மொத்த வரிக்குள் கலந்துவிடும். அதனால்தான் இப்படி ஒன்று கட்டுகிறோம் என்பதே அங்கே வாழும் பலருக்குத் தெரிவதில்லை.

டென்னசியில் ஒரு நகரம் தன் இஷ்டத்துக்குப் போக்குவரத்து வரி போட முடியாது. 2017-ல் மாநிலம் கொண்டுவந்த இம்ப்ரூவ் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அந்தச் சட்டம் பெட்ரோல் வரியை ஏற்றியது, மளிகைப் பொருள் மீதான மாநில வரியை 5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தது, கூடவே பெரிய நகரங்களும் சில கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) மக்களிடம் கேட்டுவிட்டுப் போக்குவரத்துக்கென்று கூடுதல் வரி வசூலிக்கலாம் என்றது. விற்பனை வரி, ஹோட்டல் அறை வரி, வாடகைக் கார் வரி போன்ற சில வரிகளின் மேல்தான் இந்தக் கூடுதலைப் போடலாம். வசூலாகும் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும்.

நடைமுறை இதுதான்: முதலில் நகரம் திட்டத்தை எழுத்தில் வைக்க வேண்டும். அதன் வரவு செலவுக் கணக்கை வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். பிறகு நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும். கடைசியில் மக்கள் வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும். எல்லா மாநிலத்திலும் இவ்வளவு எளிதல்ல. கலிபோர்னியாவில் 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தன் போக்குவரத்து வரியை நீட்டிக்கக் கேட்டபோது 66 சதவீதத்துக்குச் சற்று மேலேயே ஆதரவு கிடைத்தது. ஆனாலும் தோற்றது, ஏனென்றால் அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மயிரிழையில் போனது.

நாஷ்வில் வாக்கெடுப்பு நடந்தது 2024 நவம்பர் 5, அதிபர் தேர்தல் நாளன்றே. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்தார்கள். அந்த வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்த பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் மேடைப் பேச்சைவிட அதில் விஷயம் அதிகம். என்ன கிடைக்கும் என்று அதில் இருந்தது: நாஷ்வில் இருக்கும் கவுண்டி முழுக்கக் கூடுதல் பஸ் சேவை, புதிய தடங்கள், நடைபாதைகள், சிக்னல்கள், பஸ் நிறுத்தங்கள், காரை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறும் இடங்கள். வரி எவ்வளவு, மொத்தம் எத்தனை சதவீதம் ஆகும் என்பதும் இருந்தது. கட்டுமானச் செலவு அன்றைய மதிப்பில் 309 கோடியே 60 லட்சம் டாலர் என்றது. எல்லாம் கட்டி முடித்த பிறகு ஓட்டவும் பராமரிக்கவும் ஆண்டுதோறும் சுமார் 11 கோடியே 10 லட்சம் டாலர் ஆகும் என்றது.

இந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டுவது ஒருமுறை, ஓட்டுவது ஒவ்வொரு நாளும். ரிப்பன் வெட்டிவிட்டு, டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் பஸ்ஸின் இடைவெளியை அரை மணி, முக்கால் மணி என்று நீட்டும் நகரங்கள் உண்டு. நாஷ்வில்லின் பஸ் நிறுவனமான வீகோவுக்கும் அதுவரை தனக்கென்று நிலையான வருமானம் கிடையாது. நகர பட்ஜெட்டில் ஆண்டுதோறும் என்ன ஒதுக்குகிறார்களோ அதை நம்பித்தான் வண்டி ஓடியது.

முடிவுத் தேதி என்ன? தேதி இல்லை. திட்டத்துக்காக வாங்கிய கடன் முழுதும் அடைந்த பிறகு, சேவையை நடத்த இந்த வருமானம் இனித் தேவையில்லை என்று நகர மன்றம் தீர்மானம் போட்டால்தான் வரி நிற்கும். இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும். பஸ் ஓடும் வரை பணம் தேவைப்படும் என்பதால் இதை நிரந்தர வரியாகவே எண்ணிக்கொள்வது நல்லது. இதை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது, வாக்குச்சீட்டிலேயே இருந்தது. ஆனால் பிரச்சாரத்தில் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

இதே நகரம் 2018 மே 1 அன்று வேறொரு திட்டத்தை 64 சதவீத எதிர்ப்போடு தூக்கி எறிந்தது. அது 540 கோடி டாலர் திட்டம். லைட் ரயில் (நகருக்குள் ஓடும் இலகு ரயில்) தடங்கள், நகர மையத்துக்கு அடியில் சுரங்கப்பாதை என்று பெரிய கனவு. விற்பனை வரியை முதலில் அரை சதவீதம், பின்னால் ஒரு சதவீதம் வரை ஏற்றுவதாக இருந்தது. திட்டத்தை முன்னெடுத்த மேயர் மேகன் பேரி வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் இருக்கையில் பதவி விலகினார். அதுவும் பாதித்தது, சரி. ஆனால் ரயில் போகும் சாலையில் வீடில்லாதவர்கள் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டபோது திருப்தியான பதில் இல்லாமல் போனதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ரயில் வந்தால் வாடகை ஏறித் தங்களைத் துரத்திவிடுமோ என்ற பயமும் ஏழைகள் வாழும் பகுதிகளில் இருந்தது.

அடுத்து வந்த மேயர்களில் ஃப்ரெடி ஓ'கானல் 2024-ல் கேட்டது அடக்கமான பட்டியல். ரயில் இல்லை, சுரங்கம் இல்லை. முக்கியச் சாலைகளில் 54 மைல் நீளத்துக்கு வேகமான பஸ் தடங்கள், 86 மைல் நடைபாதை, 592 சிக்னல்களைப் புதுப்பிப்பது, 12 பஸ் மையங்கள், ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரச் சேவை. நடைபாதை என்பது போக்குவரத்தா என்று சிலர் கேட்டார்கள். இரவு வேலை முடித்துவிட்டு, நடைபாதையே இல்லாத அகலமான சாலையின் ஓரத்தில், கார்கள் உரசிக்கொண்டு போக, பஸ் நிறுத்தம் என்ற பெயரில் நிற்கும் ஒற்றைக் கம்பத்தைத் தேடி நடப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தத்துக்குப் பத்திரமாக நடந்துபோக வழியில்லை என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டும் பயனில்லை.

இப்போது விவாதத்தின் கனமான பகுதி: இந்தச் சுமை யார் தலையில்? விற்பனை வரி பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே விகிதம். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டியவர் ஏழை. அதனால் வருமானத்தோடு ஒப்பிட்டால் அவருக்குத்தான் அதிகம் வலிக்கும். டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்பதால் ஏற்கெனவே எல்லாம் விற்பனை வரியின் மேல்தான் நிற்கிறது. எதிர்த்தவர்களின் இந்த வாதம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆதரித்தவர்கள் சொன்ன பதில்கள் இரண்டு. சுற்றுலாவுக்கு வருபவர்களும் பக்கத்துக் கவுண்டிகளிலிருந்து வேலைக்கு வருபவர்களும் இந்த வரியில் கணிசமாகப் பங்கு கட்டுகிறார்கள் என்பது ஒன்று. குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு ஜர்னி பாஸ் என்ற இலவச பஸ் பாஸ் என்பது மற்றொன்று. என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் உருப்படியான பதில். கட்டின வரியைப் பயணமாகத் திருப்பித் தருகிறது, காரில்லாத குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். தகுதி உள்ளவர்கள் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வீடு தேடி வராது.

சாலை நெரிசல் குறையும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். வேகமாக வளரும் நகரத்தில் ஒரு கார் பஸ்ஸுக்கு மாறினால் அந்த இடத்தில் இன்னொரு கார் வந்து நிற்கும். நெரிசலில் மாட்டாமல் போக இன்னொரு வழி கிடைக்கும் என்பதுதான் இந்தத் திட்டம் தரக்கூடியது.

கூட்டாட்சி அரசின் பணமும் இதோடு பின்னியிருக்கிறது. பெரிய பஸ், ரயில் தடங்களுக்கு அங்கிருந்து கிடைக்கும் மானியத்துக்கு நகரங்கள் போட்டி போட வேண்டும், உள்ளூர்ப் பங்கு கையில் இல்லாமல் அந்த வரிசையில் நிற்பதே கஷ்டம். ஆனால் அந்த மானியம் உறுதியானதல்ல, வாஷிங்டனில் காற்று மாறினால் அதுவும் மாறும்.

விசாவில் அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். வரி எல்லோரும் கட்டுகிறோம், வாக்களிப்பது அந்தக் கவுண்டியில் பதிவு செய்த குடிமக்கள் மட்டும்தான். பக்கத்துக் கவுண்டியில் குடியிருந்து நாஷ்வில்லில் சாமான் வாங்குபவருக்கும் இதே நிலைதான். அதற்காக வாய் திறக்கவே முடியாது என்றில்லை. கூட்டாட்சி மானியம் பெறும் போக்குவரத்து நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றுவதற்கு முன்பும், சேவையைப் பெரிதாகக் குறைப்பதற்கு முன்பும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. உங்கள் தெரு வழியாகப் போகும் பஸ்ஸின் எண், எந்த நேரத்தில் எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது, எந்த நிறுத்தத்துக்கு நடைபாதை இல்லை என்று குறிப்பாக எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.