70 கிலோ உடம்பை ஒற்றைக் கை தாங்குவது எப்படி?

யூட்டா பாலைவனத்தின் குறுகிய பாறைச் சந்துகளில் கயிறு கட்டி இறங்குகிறவர்களைக் காணொளியில் பார்த்த வாசகி ஒருவர் சேன்-ஆந்த்ரேயிலிருந்து கேட்கிறார்: "புதிதாகப் பழகுகிறவர்கள்கூட ஒரே கையால் கயிற்றைப் பிடித்தபடி இறங்குகிறார்களே, கை நழுவாதா?" நம் ரீயூனியன் தீவில், சிலாவோஸ் மலையின் ஃப்ளர் ஜோன் பள்ளத்தாக்கில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலும் இதே கேள்வி எழும்.

அங்கே மணற்கல், இங்கே எரிமலைப் பாறை. இரண்டையும் அறுத்தது வெள்ளம்தான். அந்த வெள்ளம் இன்னும் ஓயவில்லை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேரை அடித்துப்போன தண்ணீர், பல மைல் தள்ளிப் பெய்த மழையிலிருந்து வந்தது. நம் தீவின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது உலக சாதனை. இப்படிப்பட்ட ஊரில் மேல்சரிவுகளில் மழைமானிகள் வைக்க எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்பேன்.

சரி, கயிற்றுக்கு வருவோம். இறங்குகிறவரின் இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ அலுமினிய வளையம் ஒன்று தொங்கும். கயிறு அதில் புகுந்து, வளைந்து, கைக்கு வருகிறது. வளைவின் ஒவ்வொரு துளியிலும் கயிறு உலோகத்தை அழுத்துகிறது. அங்கே எழும் உராய்வு இழுவிசையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மிச்சம்தான் அடுத்த துளிக்குப் போகிறது. அங்கும் அதே பங்கு குறைகிறது. ஆகவே சுற்று கூடக் கூட விசை மடங்கு மடங்காகச் சரிகிறது. முரட்டு மாட்டின் கயிற்றைத் தென்னைமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே பிடித்து நிற்கலாமே, அதே கதை.

உராய்வுக் கெழு, அதாவது கயிறும் உலோகமும் எவ்வளவு உரசிப் பிடிக்கின்றன என்பதன் அளவு, 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு விசை 6.6 மடங்கு குறையும். ஒன்றரைச் சுற்றுக்கு 17 மடங்கு, இரண்டுக்கு 43. ஒன்றரைச் சுற்று இருந்தாலே 70 கிலோ ஆளுக்குக் கையில் விழுவது 4 கிலோ சுமைதான்! 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் தந்த இந்தச் சமன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் வளையத்தின் பருமனே வராது என்பது. கோணமும் உராய்வும் போதும். கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனால் வேகம் குறைவதும் கோணம் கூடுவதால்தான்.

இதே கணக்குதான் புதியவர்களைக் காப்பாற்றுகிறது. இறங்குகிறவர் கயிற்றைக் கைவிட்டாலும், கீழே நிற்கும் துணைவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதும். அவருடைய 4 கிலோ இழுப்பு மேலே 70 கிலோவாகப் பெருகி ஆளை நிறுத்திவிடும்.

அப்புறம், உராய்வு தின்ற ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகிறது. 30 மீட்டர் இறங்கினால் சுமார் 20,600 ஜூல். அத்தனையும் 100 கிராம் அலுமினிய வளையத்துக்கே போனால் அது 230 டிகிரி சூடேறும்; கயிறு செய்யும் நைலான்-6 உருகுவது 220 டிகிரியில். உண்மையில் பெரும்பங்கைக் கயிறும் காற்றும் வாங்கிக்கொள்ளும், மெதுவாக இறங்கினால் இன்னும் நல்லது. நம் அருவிகளில் தண்ணீரே குளிரவைத்துவிடும். வறண்ட பாலைவனத்தில் அந்த உதவி இல்லை. அதனால் அங்கே வேகமாக இறங்கியவர்கள், கால் தரையில் பட்டவுடன் வளையத்தைக் கயிற்றிலிருந்து கழற்றிவிட வேண்டும். சூடான உலோகம் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால்தான் நூலிழை பொசுங்கும்.