அந்த மீனிங் நோட்டை மூடி வைங்கம்மா

போன வாரம் மறுபடியும் ஒரு பொண்ணு. ஐசியூல அஞ்சு வருஷம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ், யூகே போகணும்னு ஓஇடி, அதான் நர்ஸ் டாக்டர் மாதிரி ஆளுங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, மூணு தடவை எழுதிட்டாங்க, மத்ததெல்லாம் வந்துருது, ரீடிங் மட்டும் 320, 330, மறுபடி 320. அங்க நர்ஸா ரெஜிஸ்டர் பண்ண ரீடிங்ல 350 வேணும். பையிலேர்ந்து ரெண்டு லாங் சைஸ் நோட்டு எடுத்து மேசை மேல வச்சாங்க. நாலாயிரம் வார்த்தை சார், எல்லாத்துக்கும் தமிழ் மீனிங் எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன், எங்க கேட்டாலும் சொல்லுவேன், அப்புறமும் ஏன் சார் வர மாட்டேங்குதுன்னு கேக்கும்போதே கண்ணு கலங்கிருச்சு. இந்த மாதிரி நோட்டோட வந்து என் முன்னாடி அழுதவங்க எத்தனை பேருன்னு கணக்கு விட்டுப்போச்சு, அதனாலதான் இன்னிக்கு உட்கார்ந்து எழுதறேன்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். அட்மினிஸ்டர்னா நிர்வகி. ஏம்மா, தினம் ட்யூட்டில எத்தனை பேருக்கு ட்ரக் அட்மினிஸ்டர் பண்றீங்க, அது மருந்து கொடுக்கறதுதானே? டெண்டர்னா ஒப்பந்தப்புள்ளி. வயித்தை அமுக்கினா வலிக்குதுங்கறதுக்கு டெண்டர்னு கேஸ் ஷீட்ல எழுதற கையாலயே இதையும் எழுதிருக்காங்க. ப்ரெசென்ட்னா பரிசு. பேஷண்ட் ப்ரெசென்டட் வித் செஸ்ட் பெயின்னா நெஞ்சு வலின்னு வந்தார்னு அர்த்தம், இது அவங்களுக்கு எப்பவோ தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சதையே மறக்க வைக்குது அந்த நோட்டு. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தைன்னு பூட்டிட்டா, அந்த வார்த்தை வேற இடத்துல வேற வேலை செய்யும்போது கண்ணுக்கே தெரியாமப் போயிடும்.

வொகேபுலரி வேண்டாம்னு நான் சொல்லல. இந்தத் துறையில ரொம்ப காலம் ஆராய்ச்சி பண்ண பால் நேஷன்னு நியூசிலாந்துக்காரர் ஒருத்தர் இருக்கார், ஒரு பக்கத்தை யார் உதவியும் இல்லாம படிச்சுப் புரிஞ்சுக்க அதுல 98 சதவீத வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு அவங்க ஆராய்ச்சி சொல்லுது. அதாவது நூத்துக்கு ரெண்டு தெரியலைன்னா பரவாயில்லை. சரின்னு ரீடிங்ல நீளமான பேசேஜ் வர்ற பார்ட் சிலேர்ந்து ஒண்ணு கொடுத்து, தெரியாத வார்த்தைக்கெல்லாம் அடிக்கோடு போடும்மான்னேன். சுமார் 800 வார்த்தை இருக்கற பேசேஜ்ல ஒம்பது கோடு விழுந்துச்சு. கணக்குப் பாருங்க, நூத்துக்கு ஒண்ணு சொச்சம்தான் தெரியல. ஆனா எட்டு கேள்வில மூணுதான் சரி. அப்ப பிரச்சனை வார்த்தையில இருக்கா? இதை எத்தனை தடவை சொன்னாலும், சரி சார்னு தலையாட்டிட்டுப் போய் மறுபடி இன்னிக்கு அம்பது வார்த்தைன்னு ஸ்டேட்டஸ் போடறாங்க, எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

எங்க சிக்குதுன்னு சொல்றேன். தி பேஷண்ட் ஹூ வாஸ் ஷிஃப்டட் ஃப்ரம் தி வார்டு பை தி நைட் நர்ஸ் ரெஃப்யூஸ்ட் தி இன்ஜெக்‌ஷன். ஊசி வேண்டாம்னு சொன்னது யாருன்னு கேட்டேன். நைட் நர்ஸ்னாங்க. இதுல தெரியாத வார்த்தை ஒண்ணாவது இருக்கா? தமிழ்ல நாம, நைட் நர்ஸ் வார்டுலேர்ந்து ஷிஃப்ட் பண்ண பேஷண்ட் ஊசி வேண்டாம்னுட்டார்னு சொல்லுவோம், விவரமெல்லாம் பேஷண்டுக்கு முன்னாடியே வந்துரும், அதுக்கப்புறம் ஆளும் அவர் செஞ்ச வேலையும் கிட்டக் கிட்ட நிக்கும். இங்கிலீஷ்ல விவரம் ஆளுக்குப் பின்னாடி வந்து நடுவுல உட்கார்ந்துக்கும், அதனால வெர்புக்குப் பக்கத்துல யார் நிக்கறாங்களோ அவங்கதான் செஞ்சாங்கன்னு நம்ம கண்ணு முடிவு பண்ணிடுது. அன்லெஸ் கதையும் இப்படித்தான். டூ நாட் ஃபீட் அன்லெஸ்னு ஒரு கைட்லைன் ஆரம்பிச்சா, ஃபீட் பண்ணக் கூடாதுன்னு அங்கயே டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறாங்க, அன்லெஸ்ஸுக்கு அப்புறம் வர்றதுலதான் பதிலே இருக்கும். வார்டுலயும் இதே மாதிரி படிச்சா என்ன ஆகும்னு நினைச்சாலே பகீர்ங்குது.

கிராமர் படிக்கறதுன்னா இதைத்தான் படிக்கணும். ஆப்ல கோடிட்ட இடத்தை நிரப்பி இருபதுக்கு இருபது வாங்கறவங்களாலகூட, ஒரு நீள வாக்கியத்துல மெயின் வெர்பு எதுன்னு காட்ட முடியல. தினம் அஞ்சே அஞ்சு நீளமான வாக்கியம் எடுங்க. மெயின் வெர்பைச் சுத்தி வட்டம் போடுங்க, அதைச் செஞ்சது யாருன்னு அம்புக்குறி போடுங்க. அவ்ளோதான், பத்து நிமிஷம்.

இன்னொண்ணு, இதைத் திட்டித்தான் சொல்லணும். டெய்லி ரெண்டு மாக் டெஸ்ட் எழுதறதை நிறுத்துங்க. நைட் ட்யூட்டி முடிச்சிட்டு வந்து தூக்கக் கலக்கத்துல ஒரு டெஸ்ட், ஆன்சர் கீ பார்த்து மார்க் போட்டு வாட்ஸப்ல அனுப்பிட்டு அடுத்த டெஸ்ட். தப்பான கேள்வியைத் திரும்பப் பார்க்கறதே இல்லை. வாரத்துக்கு ஒண்ணு போதும். எழுத ஒரு மணி நேரம்னா, தப்பானதைப் பார்க்க ரெண்டு மணி நேரம் கொடுங்க, இந்தப் பதில் ஏன் சரிங்கறதோட நான் போட்டது ஏன் தப்புன்னு அந்த வரியைக் கை வச்சுக் காட்டத் தெரியணும்.

ரீடிங்ல முதல்ல வர்ற பார்ட் ஏ வேற விளையாட்டு. 15 நிமிஷம், நாலு டெக்ஸ்ட், 20 கேள்வி. அங்க உட்கார்ந்து படிக்காதீங்க, தேடுங்க. டெக்ஸ்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, எஸ் விட்டுப்போச்சு ஸ்பெல்லிங் மாறிப்போச்சுன்னு மார்க்கை விட்டுட்டு வராதீங்க. நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒண்ணையும் காலியா விடாதீங்க.

அப்புறம் பரீட்சை டேட். மாக் டெஸ்ட்ல மார்க் வர்றதுக்கு முன்னாடியே ஏஜென்ட் அவசரப்படுத்தறார்னு புக் பண்ணாதீங்கம்மா, தயவு செஞ்சு. நிறைய பேருக்கு அந்த ஃபீஸ் ஒரு மாச சம்பளத்துக்கு மேல, நகையை அடகு வச்சுக் கட்டறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுகிட்டயும் ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லிருக்கேன்.

கஷ்டப்பட்டு எழுதின நோட்டைத் தூக்கிப் போட மனசு வராது, புரியுது. போட வேண்டாம். தமிழ் மீனிங்கை மட்டும் அடிச்சிட்டு, அந்த வார்த்தையை நீங்க எந்த வாக்கியத்துல பார்த்தீங்களோ அந்த வாக்கியத்தை முழுசா பக்கத்துல எழுதுங்க. நூறு முடிஞ்சதும் எடுத்துட்டு வாங்க, கூட உட்கார்ந்து பார்க்கறேன்.