பெட்டியோடு கொடுத்துவிடாதீர்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாட்களில் என் ஆலோசனை அறைக்கு வரும் பிள்ளைகளில் ஒரு சாரார் தூக்கம் கெட்டு வருகிறார்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டால் பெற்றோர் முதலில் கைபேசியைக் கைகாட்டுவார்கள். அடுத்தது யூடியூப். ஊருக்குப் போனபோது பாட்டி சொன்ன பேய்க்கதைகூடப் பட்டியலில் இடம்பிடித்துவிடும். புத்தகத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. புத்தகம் படிக்கிற பிள்ளைக்கு நம் வீடுகளில் தனிச் சலுகை உண்டு. "அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் படித்துக்கொண்டிருப்பான், ஒரு தொந்தரவும் கிடையாது" என்பார்கள். என்ன படிக்கிறான் என்று கேட்டால் முகம் இன்னும் மலரும். "நான் சின்ன வயதில் படித்ததுதான் சார். மொத்த செட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்!"

அந்த 'மொத்த செட்' பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைகள் மனநல ஆலோசகனாக இருப்பவன், மாயாஜாலக் கதைகளுக்கு எதிராகப் பேசப்போகிறேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். நானும் அவற்றைப் படித்து வளர்ந்தவன்தான், இன்றும் படிக்கிறேன். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இந்தத் தொடர்களில் மூழ்கிக் கிடந்தவர்கள் இப்போது பெற்றோராகியிருக்கிறார்கள். தாங்கள் அனுபவித்ததைப் பிள்ளையும் அனுபவிக்க வேண்டும் என்று நினைப்பதைவிட நல்ல ஆசை இருக்க முடியாது. கொடுக்கிற விதத்தில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள்வோம். முதல் புத்தகம் இங்கிலாந்தில் 1997 ஜூனில் வந்தது, ஏழாவது 2007 ஜூலையில். முதல் புத்தகத்தை 11 வயதில் வாங்கிய பிள்ளை கடைசிப் புத்தகம் வரும்போது 21 வயது வாலிபன். கதாநாயகனோ அதே ஏழு புத்தகங்களில் 11 வயதிலிருந்து 17 வயதுக்குத்தான் வருகிறான். வாசகன் நாயகனை முந்திக்கொண்டு வளர்ந்தான். நான்காவது புத்தகத்துக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மட்டும் ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. முதல் புத்தகத்தில் 223 பக்கமாக இருந்த தொடர் ஐந்தாவது புத்தகத்தில் 766 பக்கமாகப் பெருத்துவிட்டது. பக்கங்கள் கூடக்கூட இருளும் கூடியது.

யாரும் குழந்தை உளவியல் பார்த்து இந்த இடைவெளியை வைக்கவில்லை. எழுதி முடிக்க அவ்வளவு காலம் ஆனது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காத்திருப்பு தன்னை அறியாமல் ஒரு வேலையைச் செய்தது. சாவைத் தாங்கும் வயது வந்த பிறகுதான் சாவு நிகழும் புத்தகம் பிள்ளையின் கைக்குக் கிடைத்தது. இன்றைக்கு ஏழும் ஒரே அட்டைப்பெட்டியில், ஒரே மாதிரி அட்டையோடு வருகின்றன. வேகமாகப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை ஏப்ரல் கடைசியில் தவளை மிட்டாயில் தொடங்கி, மே பாதிக்குள் நான்காம் புத்தகத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. அங்கே ஒருவன் தன் கையைத் தானே வெட்டிக் கொதிக்கும் கொப்பரையில் போடுகிறான். அதற்குச் சற்று முன்புதான் எந்தத் தவறும் செய்யாத ஒரு மாணவன், 'வேண்டாதவன்' என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு நொடியில் கொல்லப்பட்டுக் கிடக்கிறான்.

திரைப்படமாக வந்தபோது தணிக்கைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். அமெரிக்காவில் முதல் மூன்று படங்களுக்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்), நான்காவதற்கு பிஜி-13 (13 வயதுக்குக் கீழே இருந்தால் கூடுதல் எச்சரிக்கை). புத்தகப் பெட்டிமேல் அப்படி எந்த முத்திரையும் இருப்பதில்லை. படத்தை "கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் அதே பெற்றோர் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தில் இருப்பதைப் பிள்ளை தன் கற்பனையில் பார்க்கிறது என்பதையும், அங்கே இசை நிற்பதும் விளக்கு எரிவதும் கிடையாது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்காம் வகுப்பு. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடித்தான். காது வலி என்று நினைத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் காதில் ஒன்றுமில்லை என்று சொல்லி என்னிடம் அனுப்பினார். பேச்சு கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. அப்பா பரணிலிருந்து தம் பழைய அனிமார்ஃப்ஸ் புத்தகங்களை இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு: கே. ஏ. ஆப்பிள்கேட் என்ற பெயரில் 1996 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ மாதம் ஒன்றாக வந்த தொடர் அது, முதன்மை வரிசை மட்டும் 54 புத்தகங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு, தொட்ட விலங்காக உருமாறும் ஆற்றல் கிடைக்கிறது. அட்டையில் ஒரு சிறுவன் படிப்படியாகப் பல்லியாகவோ பருந்தாகவோ மாறும் படம் இருக்கும். அந்த அட்டைதான் பெரியவர்களின் நினைவில் நிற்கிறது. உள்ளே இருப்பது ஒரு போர்க்கதை. யீர்க் என்னும் ஓடில்லாத நத்தை போன்ற உயிரினங்கள் மனிதரின் காது வழியாக நுழைந்து மூளையைச் சுற்றிப் படர்ந்து உடலைக் கைப்பற்றுகின்றன. வெளியே பார்த்தால் அதே மனிதர், அதே சிரிப்பு, அதே பேச்சு. உள்ளே உண்மையான ஆள் கத்திக்கொண்டிருப்பார், யாருக்கும் கேட்காது. முதல் புத்தகத்திலேயே நாயகனின் சொந்த அண்ணன் அப்படிப் பிடிபட்டவன் என்று தெரிந்துவிடுகிறது.

தன் காதுக்குள் நத்தை வருமோ என்பது அந்தப் பையனின் சின்னப் பயம். அப்பாவின் காதுக்குள் ஏற்கெனவே வந்திருக்குமோ என்பதுதான் பெரிய பயம். ராத்திரி படுக்கும்போது, "கொடைக்கானலில் நாம் என்ன சாப்பிட்டோம்?", "என் முதல் சைக்கிள் என்ன நிறம்?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவர் சரியாகப் பதில் சொன்னதும் அழுவான். ஏன் அழுகிறான் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கதைப்படி யீர்க்குக்கு அந்த மனிதரின் நினைவுகள் எல்லாம் திறந்த புத்தகம். ஆகவே சரியான பதில் எதையும் நிரூபிக்காது. ஒன்பது வயதில் அந்தத் தர்க்கத்தை அவன் முழுசாகப் பிடித்துவிட்டான். அதைத் தாங்கும் வயதுதான் இன்னும் வரவில்லை.

அப்பாவைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவர் இதை 13, 14 வயதில் படித்தவர். வாடகை நூலகத்தில் ஏழாம் எண்ணை எடுத்தால் அடுத்தது கிடைக்க மாதக்கணக்காகும். நடுவில் கிரிக்கெட், பரீட்சை, சைக்கிள் என்று வாழ்க்கை ஓடியிருக்கும். இந்த முறை ஒரே வாரத்தில் படித்துவிட்டு வந்தார். "இவ்வளவு கொடூரமா இருந்தது? எனக்குப் பருந்து மட்டும்தான் ஞாபகம் இருந்தது" என்றார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. யீர்க் மூன்று நாளைக்கு ஒருமுறை தன் குளத்துக்குத் திரும்பாவிட்டால் செத்துவிடும் என்பது கதையின் விதி. ஆறாம் புத்தகத்தில் நாயகனே பிடிபடும்போது நண்பர்கள் அவனை மூன்று நாள் காட்டில் அடைத்து வைத்து மீட்கிறார்கள். வார இறுதியோடு ஒரு நாள் விடுப்பும் சேர்த்து எடுத்துக்கொண்டு மூன்று நாளும் பையனை விட்டு நகரவில்லை அப்பா. கழிவறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே காவல்.

இப்படிச் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடையும் பழக்கத்தை நான் சாதாரணமாக ஊக்குவிப்பதில்லை. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து சரிபார்க்கத் தூண்டும் ஓசிடி நோய் உள்ளவர்களிடம் அது பயத்தை வளர்த்துவிடும். இங்கே ஒரே ஒருமுறை என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். பஞ்சை முதலில் ஒரு காதிலிருந்தும் பிறகு மறு காதிலிருந்தும் எடுத்தோம். அதற்குச் சில வாரம் பிடித்தது. கதைக்குள்ளே இருந்த பூட்டுக்குக் கதைக்குள்ளேயே சாவி இருந்தது. அதைத் தேடி எடுக்க, திரும்பப் படித்த ஒரு பெரியவர் வேண்டியிருந்தது.

"நானும் அந்த வயதில் படித்தேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதத்தை வாரம் தவறாமல் கேட்கிறேன். அந்த வயதில்தானா என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு வயது இடிக்கும். அதைவிட முக்கியம், நம் நினைவில் இருப்பது நமக்கு அன்றைக்கு எட்டிய பகுதி மட்டும்தான். ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தில் ஒரு காட்சி. எதிரில் நிற்பவரின் ஆகப்பெரிய பயமாக உருவெடுக்கும் பிராணி ஒன்றை விரட்ட முயன்று, ஏழு பிள்ளைகளைப் பெற்ற திருமதி வீஸ்லி விம்மிக்கொண்டு நிற்கிறாள். தரையில் அவளுடைய பிள்ளைகளின் பிணங்கள் ஒவ்வொன்றாக மாறி மாறித் தோன்றுகின்றன. இதைப் பதினைந்து வயதில் கடந்துபோன ஒரு தாய், தன் மகளுக்காகத் திரும்பப் படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டதாகச் சொன்னார். இப்படி ஒரு அத்தியாயம் இருந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டாம் புத்தகத்தில் டாபி என்ற வீட்டு அடிமைக் குட்டிப்பூதம் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதை நாம் சிரித்துக்கொண்டே படித்தோம். தவறு செய்தால் தலையை முட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள ஒரு பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டு படிக்காது.

தமிழிலும் இதே கதைதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விகடனில் வாரா வாரம் காத்திருந்து படித்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியின் குறும்புப் பேச்சைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டிய, மனிதரின் ஆயுளையும் அரசாங்கமே தீர்மானிக்கிற ஒரு சர்வாதிகார நாட்டில் அந்தக் கதை நடக்கிறது என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

எழுதியவர்களே திரும்பிப்போய்ப் பார்த்ததும் உண்டு. உர்சுலா லெ குவின் தம் எர்த்ஸீ என்ற மாயாஜாலக் கதை வரிசையில் முதல் மூன்று நாவல்களை 1968-க்கும் 1972-க்கும் இடையில் எழுதினார். நான்காவது 1990-இல் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தம் உலகத்தை ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் கண்ணால் மறுபடியும் பார்த்தார். அந்தப் புத்தகத்தின் மையத்தில் இருப்பவள், கொடுமைக்கு ஆளாகி நெருப்பில் தள்ளப்பட்டு உயிர் பிழைத்த ஒரு சிறுமி. பெரியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் புத்தகம் அது. ஆனால் மந்திரவாதிப் பையனைப் பற்றிய முதல் நாவலோடு ஒரே தொகுப்பில் சேர்ந்து வருவதால், பத்து வயதுப் பிள்ளை அதையும் அடுத்த பாகம் என்றே புரட்டும்.

பழைய பிரதியும் புதிய பிரதியும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். எனிட் பிளைட்டனின் மாய மரக் கதைகளில் பிள்ளைகளை அறைந்த ஆசிரியை, பிந்தைய பதிப்புகளில் பெயரும் மாறி, வெறுமனே திட்டுகிறவளாகிவிட்டாள். பரணில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முழுத் தொடரையும் திரும்பப் படிக்க நேரமில்லை என்பார்கள், நியாயம்தான். நடுவில் இருக்கும் புத்தகத்தை எடுங்கள், பிறகு கடைசிப் புத்தகத்தின் கடைசி நூறு பக்கம். தொடர் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெட்டியைப் பிரித்து ஒரு புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அலுவலக மேசையிலோ தாத்தா வீட்டிலோ வையுங்கள். ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்கு ஒரு மாதமோ ஒரு பரீட்சையோ, தேவையானால் ஒரு பிறந்தநாளோ ஆகட்டும். அந்த இடைவெளியில் பிள்ளை கதையைப் பற்றிப் பேசும், அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கும், படம் வரையும். பயந்திருந்தால் அதையும் சொல்லும். நாம் செய்தது இதைத்தான், நம்மைக் கேட்காமலே காலம் செய்துகொடுத்தது. கதை பிடித்துப்போய் அடுத்தது வேண்டும் என்று கத்தினால் கத்தட்டும், நல்ல அறிகுறி.

எல்லாப் பிள்ளையும் பயப்படாது. புரியாததைத் தாண்டிக் குதித்துப் படிக்கும் சாமர்த்தியம் பல பிள்ளைகளுக்கு உண்டு, இருண்ட காட்சிகள் பிடித்துப்போகும் பிள்ளைகளும் உண்டு. அதனால் வயதை மட்டும் வைத்து நான் முடிவு சொல்வதில்லை. தனியாகத் தூங்க மறுப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, விருப்பமாகப் படித்த புத்தகத்தைத் திடீரென்று கண்ணில் படாத இடத்தில் வைப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். சில வாரம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ சரியாகாவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் பேசுங்கள். ஐந்தாம் புத்தகத்தில் மாணவனின் புறங்கையிலேயே எழுத்துகளைக் கீறும் தண்டனைப் பேனா ஒன்று வருகிறது. உங்கள் பிள்ளையின் கையில் அப்படிக் கீறல்களைப் பார்த்தால் கதையைப் பார்த்துச் செய்கிறான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அன்றைக்கே ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள்.

பெட்டியை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பாதியில் பிடுங்காதீர்கள். முடிவு தெரியாத பயம், தெரிந்த முடிவைவிட மோசமானது. மீதியைச் சேர்ந்து படிக்கலாம் என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், ராத்திரியில் வேண்டாம், ஞாயிறு காலையில். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை. தயங்கும் இடத்தில் நிறுத்தி, "இதை விட்டுவிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். போகலாம் என்று சொன்னால் போய்விடுங்கள்.