வெளிநாட்டுக் காசுன்னா வரி இல்லையா? பிளாக் எழுதி சம்பாதிக்கிறவங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல கணக்கு எழுதிக் குடுக்குற ஆபீஸ் வெச்சிருக்கேன். லோரி ஓட்டுறவங்க, சலூன்காரங்க, செம்பனை வெட்ட கண்ட்ராக்ட் எடுக்குறவங்க, இவங்கதான் நம்ம பழைய ஆளுங்க. இப்ப கொஞ்ச காலமா வேற மாதிரி ஆளுங்களும் வர்றாங்க. பகல்ல ஃபேக்டரி வேலை, கிளினிக் வேலை, ராத்திரி உட்கார்ந்து பிளாக் எழுதுறாங்க. சமையல், எஸ்பிஎம் பரீட்சைக்கு (அஞ்சாம் படிவம்) தமிழ் பாடக் குறிப்பு, மூடிப்போன தோட்டங்களோட கோயில் கதை, இப்படி. அதுல கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடுது, கொஞ்சம் காசு வருது. உட்கார்ந்ததும் கேக்குற கேள்வி ஒண்ணேதான், "அண்ணே, இது வெளிநாட்டுக் காசு, இதுக்கு வரி இல்லதானே?"

இருக்கு. இந்தக் குழப்பம் எங்க இருந்து வருதுன்னும் தெரியும். தனிநபர் வெளிநாட்டுல சம்பாதிச்ச காசை மலேசியாவுக்குள்ள கொண்டு வந்தா 2022ல இருந்து நிபந்தனையோட வரி விலக்கு இருக்கு, அதை 2036 வரைக்கும் நீட்டிச்சும் இருக்காங்க. அதை யாரோ டிக்டாக்ல பாதி சொல்லி விட்டுட்டாங்க. ஆனா அது சிங்கப்பூர்ல வீடு வாடகைக்கு விட்டவருக்கும் அங்க போய் வேலை செஞ்சவருக்கும் உள்ள கதை. நீங்க உட்கார்ந்து எழுதுறது எங்க? உங்க வீட்டு ஹால்ல. உழைப்பு நடக்குறது இந்த ஊர்ல, அதனால வருமானம் பிறக்குறதும் இந்த ஊர்லதான், காசு அனுப்புற கம்பெனி சிங்கப்பூர்ல இருந்தாலும் அமெரிக்காவுல இருந்தாலும் ஹாசில் (வருமான வரி வாரியம்) கணக்குல இது உள்ளூர் வியாபார வருமானம்.

வரின்னு சொன்ன உடனே முகம் வாடிடும். அதனால ஒரு கணக்கு போட்டே காட்டிடுவேன், இங்கயும் போடுறேன். வருஷத்துக்கு 30,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் வாங்குற ஒரு பொண்ணு, பிளாக்ல செலவு போக 4,800 வெள்ளி மிஞ்சுதுன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 34,800. தனிநபர் கழிவு 9,000, ஈபிஎஃப் சேமநிதிக்கு அவ சம்பளத்துல பிடிச்ச 3,300, ரெண்டையும் கழிச்சா 22,500. முதல் 20,000க்கு வரி 150 வெள்ளி, மீதி 2,500க்கு 3 விழுக்காடு, அது 75. ஆக 225. ஆனா வரிக்குரிய வருமானம் 35,000க்கு மேல போகலன்னா 400 வெள்ளி தள்ளுபடி இருக்கு, அதனால கட்ட வேண்டியது ஒண்ணுமே இல்ல! இதுக்குப் பயந்துதான் சிலர் ரெண்டு மூணு வருஷமா ஃபார்ம்ல காட்டாம மறைச்சு வெச்சிருக்காங்க, கேட்டா எனக்கே வயிறு எரியும். சம்பளம் பெருசா இருந்தா கதை வேற. வரிக்குரிய வருமானம் 50,000ல இருந்து 70,000க்குள்ள விழுறவருக்கு அதே 4,800க்கு 11 விழுக்காடு, 528 வெள்ளி வரும். அதுவும் தாங்க முடியாத காசு இல்ல. வருமானத்தை விட்டுட்டு ஃபார்ம் போட்டு மாட்டிக்கிட்டா, விட்டுப்போன வரி எவ்வளவோ அந்த அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு, ஃபார்மே போடலன்னா கோர்ட்டுக்குப் போய் 200ல இருந்து 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயில் வரைக்கும் கூட போகலாம்.

இன்னொண்ணு, சம்பளம் மட்டும் வாங்குறவங்க போடுறது பிஇ ஃபார்ம். வியாபார வருமானம் ஒரு வெள்ளி சேர்ந்தாலும் அது பி ஃபார்ம் ஆயிடும். பழக்கதோஷத்துல ஏப்ரல்ல பிஇ போட்டுட்டு முடிஞ்சதுன்னு போயிடுறாங்க.

சரி, காசு எவ்வளவு வரும்? யூடியூப்ல கோர்ஸ் விக்கிறவங்க சொல்ற மாதிரி மாசம் பத்தாயிரம்லாம் நான் கணக்கு பார்க்குற யாருக்கும் வரல. தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரம் குடுக்குறவங்க கம்மி, ரேட்டும் கம்மி. ஆட்சென்ஸ் தமிழை ஏத்துக்கிட்டதே 2018 பிப்ரவரியிலதான். அதுக்கு மேல 100 டாலர் சேர்ந்தாத்தான் காசை அனுப்புவாங்க, சின்ன பிளாக்குக்கு அந்த நூறு சேரவே மாசக்கணக்கா ஆகும். பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) நாசி லெமாக் வித்தா இதை விட வேகமா காசு பார்க்கலாம், நான் கிண்டலுக்கு சொல்லல. எழுதுறதுல ஆசை இருந்தா மட்டும் இறங்குங்க.

நம்ம தோட்டத்து ஆளுங்க முதல்ல இடறி விழுற இடம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் எங்கயும் சொல்றது இல்ல. கணக்குல 10 டாலர் சேர்ந்ததும் முகவரி சரியான்னு பார்க்க கூகுள் தபால்ல ஒரு பின் நம்பர் அனுப்பும், சாதாரண லெட்டர், ரெஜிஸ்டர் தபால் இல்ல. வர ரெண்டு மூணு வாரம், சில நேரம் அதுக்கும் மேல. டவுன்ல தாமான் (குடியிருப்பு) வீடுன்னா பிரச்சினை இல்ல. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல இருக்குறவங்களுக்கு வீட்டு வாசலுக்கு தபால் வராது, தோட்டத்து ஆபீஸ்ல மொத்தமா இறக்கிட்டுப் போயிடுவாங்க, இல்லன்னா ரோட்டோரத்துல இருக்குற பொதுப் பெட்டியில போட்டுடுவாங்க, மழையில நனைஞ்சு, யாரோ எடுத்து வெச்சு, மறந்து, கடைசியில திருவிழா பத்திரிகையோட சேர்ந்து வந்தாலும் வரும். நாலு மாசத்துக்குள்ள அந்த நம்பரைப் போடலன்னா விளம்பரம் நின்னுடும். அதனால பதியும்போதே டவுன்ல இருக்குற அக்கா வீடோ மாமா வீடோ, நம்பகமா தபால் வர்ற முகவரியைக் குடுங்க. லெட்டர் தொலைஞ்சா திரும்பவும் பின் கேக்கலாம், அதுக்கும் வரலன்னா அடையாள ஆவணத்தை அனுப்பி சரி பண்ற வழியும் இருக்கு, ஆனா அலைச்சல்.

அப்புறம் பேர் விஷயம். 18 வயசு ஆகாத பிள்ளைங்க சொந்தப் பேர்ல ஆட்சென்ஸ் எடுக்க முடியாது, அம்மா பேர்ல எடுக்குறாங்க, அது சரிதான். 25 வயசு ஆன பையனும் அம்மா பேர்லயே ஓட்டிக்கிட்டு இருக்கான்னாதான் தலைவலி, காசு அம்மா பேங்க்ல விழுது, கேள்வி வந்தா அம்மாகிட்டதான் வரும். சொந்தப் பேர், சொந்த பேங்க் கணக்கு. இதோட சேர்த்தே சொல்லிடுறேன், "எங்க விளம்பரக் காசு உங்க கணக்கு வழியா வரட்டும், பத்து விழுக்காடு நீங்க எடுத்துக்கோங்க"ன்னு டெலிகிராம்ல யாராவது வந்தா அது சைட் இன்கம் இல்ல, அது கெல்டாய் அக்கவுண்ட், மோசடிக்காரன் பணத்தை ஓட்ட உங்க பேரை வாடகைக்கு எடுக்குறான். போலீஸ் வர்றது உங்க வீட்டுக்குத்தான். ஏற்கனவே பணத்தை ஏமாந்து அனுப்பிட்டீங்கன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காம உடனே பேங்குக்கோ 997ங்கிற மோசடிப் புகார் நம்பருக்கோ கூப்பிடுங்க.

கணக்கு எழுதுறது எப்படின்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது தோட்டத்து கிராணி (கணக்கர்) எழுதுன செக்ரோலை (தினசரி ஆள் பதிவேடு) நினைச்சுக்கோங்கன்னுதான். யாரு காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) வந்தா, எத்தனை கிலோ ரப்பர் பால், எல்லாம் அன்னன்னைக்கே ஏறிடும், மாசக் கடைசியில நினைவுல இருந்து எழுதுன கிராணி யாரும் இல்ல. ஒரு நோட்டு போதும். காசு பேங்க்ல விழுந்த தேதி, டாலர் எவ்வளவு, வெள்ளியில எவ்வளவு, பேங்க் கட்டணம் பிடிச்சா அது எவ்வளவு. செலவுப் பக்கத்துல டொமைன், ஹோஸ்டிங், இண்டர்நெட் பில்லுல பிளாக் வேலைக்கான பங்கு. முழு பில்லையும் போடாதீங்க, அதே வைஃபைல வீட்டுல எல்லாரும் சீரியல் பார்க்குறது எல்லாருக்கும் தெரியும். லேப்டாப்பு மாதிரி பொருளுக்கு கேபிட்டல் அலவன்ஸ்னு, விலையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கழிக்கிற தனி கணக்கு இருக்கு, 2,000 வெள்ளிக்கு மேல போகாத பொருளா இருந்தா அந்த வருஷமே முழுசா கழிச்சுக்கலாம். ரசீதுங்களை ஏழு வருஷம் வெச்சிருக்கணும், தெர்மல் பேப்பர் ரசீது ஆறு மாசத்துல வெள்ளையாயிடும், அதனால போன்ல படம் எடுத்துடுங்க.

இலவசமா வர்ற பொருளையும் எழுதணும்னு சொன்னா நிறைய பேர் சிரிக்கிறாங்க. தீபாவளி நேரத்துல சேலைக் கடைக்காரர் 300 வெள்ளி சேலை குடுத்து "கொஞ்சம் நல்லா எழுதும்மா"ன்னு சொன்னா, அது அன்பளிப்பு இல்ல, வேலைக்குக் குடுத்த கூலி. 300 வெள்ளி வருமானமா ஏறணும்.

விளம்பரத்தை கிளிக் பண்ண சொல்லி கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்களே, தயவு செஞ்சு நிறுத்துங்க. நீங்களே கிளிக் பண்றதும் தப்பு, மத்தவங்களைப் பண்ண சொல்றதும் தப்பு. கணக்கை மூடிட்டு சேர்ந்த காசை விளம்பரம் குடுத்தவங்களுக்கே திருப்பிடுவாங்க. அப்படி மூடுன கணக்கை என்கிட்ட கொண்டு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

வாத்தியாருங்களுக்குத் தனியா ஒண்ணு. தமிழ்ப்பள்ளி ஆசிரியருங்க நல்லா எழுதுறாங்க, பாடக் குறிப்புக்கு நல்ல கூட்டமும் வருது. ஆனா அரசாங்க ஊழியர் காசுக்காக வெளி வேலை செய்யணும்னா 1993 நன்னடத்தை விதிப்படி துறைத் தலைவர்கிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கணும். பெரும்பாலும் குடுத்துடுவாங்க, ஆபீஸ் நேரத்துல செய்யாம இருந்தா சரி. கேக்காம ஓட்டுறதுதான் ஆபத்து, அதுவும் ஸ்டாஃப் ரூம்ல உங்களைப் பிடிக்காத ஒருத்தர் இருந்தா.

எஸ்எஸ்எம்ல (கம்பெனிகள் ஆணையம்) வியாபாரம் பதியுறது ஆன்லைன்லயே முடியும், சொந்தப் பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, தனிப் பேர் வெச்சா 60. வியாபாரம் ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள பதியணும்னு சட்டம். விளம்பரம் தர்ற கடைக்காரர் இன்வாய்ஸ் கேப்பார், அப்ப ஓடிப் பதியாம முன்னாடியே பதிஞ்சு வெச்சுக்கோங்க.

பி ஃபார்முக்கு கடைசி நாள் ஜூன் 30, இ-ஃபைலிங்ல போட்டா ஜூலை 15 வரைக்கும் விடுறாங்க. ஜூலை 14 ராத்திரி ஹாசில் சைட்டும் மெதுவா ஓடும், நானும் மெதுவாத்தான் ஓடுவேன். நோட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் எடுத்துக்கிட்டு மார்ச்சுலயே வாங்க, அப்ப ஆபீஸ்ல டீ குடிக்கக் கூட நேரம் இருக்கும்.